கழுவினாலும் மண் போகாத வேர்

தம்பி அந்த வேரையும் கொஞ்சம் தோட்டத்து மண்ணையும் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான். லேப் மேசையில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் டப்பிகளுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தான். அந்த டப்பிகளில் தென்காசியின் காலைப்பொழுது இருந்தது. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மனிதர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் மலத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதுவரை வேர் எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை.

“அக்கா, இதக் கொஞ்சம் பாரேன். எத்தன மட்டம் கழுவினாலும் மண்ணு போக மாட்டேங்கு.”

“ஏலே, இங்கன மனுசன் வயித்துல உள்ளதத்தான் பாப்போம். மரத்துக்கு வேற எடம் இருக்கு.”

“அங்கனயும் குடுத்திருக்கேன். பதில் வர நாளாகும். திங்கக்கெழம பொக்லைன் வருது. அதுக்குள்ள யாராவது என்னமாவது சொன்னாத்தான் உண்டு.”

ராணுவத்திலிருந்து திரும்பியதும் அவன் தன் மனைவியின் ஊரான புளியங்குடிக்குப் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டம் போட்டான். காய்த்துக் குலுங்க வேண்டிய வயது மரங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. இலை சிறுத்து மஞ்சளானது. காய் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுகொண்டது. மருந்து அடித்தான், உரம் வைத்தான், தண்ணீரைக் கூட்டினான், குறைத்தான். மரங்கள் அவனுக்கு மசியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலைக்குப் போவது என்று முடிவெடுத்திருந்தான். ஒவ்வொரு கன்றையும் தன் கையால் நட்ட அவன் மனைவி, அந்தப் பேச்சு எடுத்ததிலிருந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவள் ஊரைவிட்டுப் போக மாட்டாள். அவன் போவான். வேரை அறுத்தால் ஒரு வீடும் சேர்ந்து அறுபடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

“வச்சுட்டுப் போ. பாக்கேன்,” என்றேன்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. மேலகரத்தில் வீடு. அங்கிருந்து குற்றாலம் பக்கம் நடப்பேன், தென்காசிப் பக்கம் நடப்பேன், சாரல் பிடித்தால் குடையை விரிக்க மறந்து நடப்பேன். ஒரு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்வர வேண்டும். ஆனால் மைக்ராஸ்கோப்பின் முன் போட்டிருக்கும் அந்த முதுகில்லாத உயர ஸ்டூலில் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். அலைவதற்கான வேலையைக் கண் எடுத்துக்கொள்வதால் கால் ஓய்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

அப்படி அலைந்த கண் கண்ட அதிசயங்களில் புழுவுக்கு இணை இல்லை. நீங்கள் முகம் சுளிக்கலாம். என்னிடம் டப்பியைக் கொடுக்கிறவர்களும் சுளிக்கிறார்கள். ஆனால் ஒரு உருளைப்புழு குழந்தையின் வயிற்றுக்கு வந்துசேரும் வழியைக் கேளுங்கள். அழுக்குக் கையோடு முட்டையாக வாய்க்குள் போகிறது. குடலில் பொரிகிறது. அங்கேயே இருந்துவிடலாம், சாப்பாடும் இருக்கிறது. இருப்பதில்லை. குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டு, புறப்பட்ட அதே குடலுக்கு வந்து சேருகிறது. ஊரைச் சுற்றி வந்தால்தான் சொந்த வீட்டில் தூக்கம் வரும் என்கிற சாதி. எனக்கு அதன்மேல் ஒரு பங்காளிப் பாசம் உண்டு. பாசம் இருக்கிறது என்பதற்காக மாத்திரை வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

கொக்கிப்புழுவும் அந்தக் குலம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறவனின் பாதத்தை நுகர்ந்து உள்ளே நுழையும். ராத்திரியானால் பிள்ளைகளின் ஆசனவாயில் அரிப்பைக் கிளப்பும் கீரிப்பூச்சியும் அதே குலம். பெயரில்தான் பூச்சி. காலில்லை, கண்ணில்லை, எலும்பில்லை. இரு முனையும் கூம்பிய ஒரு குழாய், அதற்குள் இன்னொரு குழாய். நம் உடம்பில் நரம்பு தசையைத் தேடிப் போகிறது. இவற்றின் உடம்பில் தசைதான் நரம்பை நோக்கிக் கை நீட்டுகிறது என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவைச் சுற்றி வந்தேன். இப்படியெல்லாம் ஒரு உடம்பைச் செய்ய முடியுமா என்று இருந்தது.

தம்பியின் வேரை அன்று மதியம் எடுத்தேன். முடியைப்போல மெல்லிய வேர். அதில் அங்கங்கே மண் அப்பியிருந்தது. குழாயடியில் பிடித்தேன். போகவில்லை. தூரிகையால் நீவினேன். போகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் இட்டு, ஊசியால் அந்த மண்ணை மெல்லப் பிரித்துப் பார்த்தேன்.

மண்ணுக்கு அடியில் ஒரு பசை. பசைக்குள் முட்டைகள், ஜவ்வரிசிப் பாயசத்தில் ஜவ்வரிசி கிடப்பதுபோல. பசைக்கு நடுவில் ஒரு தாய். அவளுடைய முன் பாதி வேருக்குள் புதைந்திருந்தது. பின் பாதி வெளியே குட்டிக் கலயம்போல உப்பியிருந்தது. வேரின் சதையில் வாயை வைத்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகளைப் பசையில் பொதிந்து, பசைமேல் மண்ணை ஒட்டவைத்து, ஒரு வீடு கட்டியிருக்கிறாள். தம்பி எத்தனை மட்டம் கழுவினால் என்ன. சுவர் வைத்த வீடு கழுவினால் போகுமா.

அழகு என்றுதான் முதலில் தோன்றியது. தம்பியின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று மாலை வேரையும் அவன் கொண்டுவந்திருந்த மண்ணையும் டீ வடிகட்டியில் மெல்லிய காகிதத்தை விரித்து அதன்மேல் போட்டேன். வடிகட்டியைத் தண்ணீர் நிரப்பிய புனலில் அமிழ்த்தி, புனலின் காலில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, குழாயைக் கிளிப்பால் நெரித்து வைத்தேன். உயிருள்ள புழு நெளிந்து காகிதத்தைத் தாண்டிவிடும். தாண்டியதற்கு நீந்தத் தெரியாது, அடியில் போய்ச் சேரும். மறுநாள் காலை கிளிப்பைத் தளர்த்தி ஒரு சொட்டு இறக்கினேன். கண்ணாடியில் நூல் நூலாக நெளிந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ஊசி. பல் வைத்துக் கடிக்காமல் குத்தி உறிஞ்சுகிற ஊசி. எல்லாம் ஒரே ஜாடை, ஒரே நீளம், ஒரே வேகம். ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

படம் எடுத்துச் செங்கோட்டையில் இருக்கும் சிநேகிதிக்கு அனுப்பினேன். அவள் பயிர் நோய் படித்தவள். உடனே கூப்பிட்டாள்.

“எலுமிச்சைக்குன்னே பொறந்த நூற்புழு இது. ஒரேடியா கொல்லாது. மெதுவாத் தின்னும். மரம் உச்சியில இருந்து காஞ்சு வருதா?”

“ஆமா.”

“அப்ப அதேதான். ஆனா ஒண்ணு, இது தானா நடந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது. கன்னோட வந்திருக்கணும், இல்ல மண்ணோட வந்திருக்கணும். யாரோ கொண்டாந்து விட்டிருக்காவ.”

அந்த யாரோ யார் என்று நேரில் போய்ப் பார்க்கத் தோன்றியது.

அந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டுப் புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். தம்பி ஊரில் இல்லை, பொக்லைன்காரரைப் பார்க்கப் போயிருந்தான். அவன் மனைவி தோட்டத்து வாசலில் நின்றாள்.

“வாங்க மைனி. கடைசியா ஒருமட்டம் பாத்துட்டுப் போவலாம்னு வந்தியளாக்கும்.”

தம்பியின் தோட்டத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அன்றுதான் சரியாகப் பார்த்தேன். மரங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேர்கோடு. அடிமரங்களுக்கு ஒரே உயரத்தில் சுண்ணாம்பு. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாகச் செங்கல். கீழே ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. வாரியல் கோடுகள் மண்ணில் சீப்பு வாரியதுபோலக் கிடந்தன.

“தெனமும் பெருக்குதானா?”

“காலம்பற எந்திரிச்சதும் அதான் மொத வேல. ஒரு எல விழுந்தா அவியளுக்குப் பொறுக்காது. அந்த எலயக் கையில வச்சுக்கிட்டு, எவன் போட்டாம்னு கேக்குத மாரி மரத்தப் பாப்பாவ.”

சிரித்தாள். சிரித்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “எங்க ராசி சரியில்ல போல மைனி. இதே மாரிதான் எங்கப்பாவும் போட்டாவ. அந்தத் தோட்டம் எப்படி நிக்கின்னு பாருங்க. அங்கன இருந்துதான் ராசி மண்ணே எடுத்தாந்தோம்.”

“என்ன மண்ணு?”

அவர்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். சொந்தத்தில் யாராவது புதிதாக எலுமிச்சை வைத்தால், நன்றாகக் காய்க்கிற பழைய தோட்டத்திலிருந்து ஒரு கூடை மண் கொடுப்பார்கள். மேலே வெற்றிலையும் மஞ்சளும் வைத்துப் பெண்பிள்ளை கையில்தான் கொடுப்பார்கள். அவள் குழிக்கு ஒரு கை மண் போட்டு, அதன்மேல் கன்றை வைப்பாள். மூத்த தோட்டத்தின் கைராசி புதுத் தோட்டத்துக்கு இறங்கும்.

“ஒரு குழி விடல மைனி. நாந்தான் போட்டேன், எல்லாத்துக்கும்.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நான் அதைப் பார்த்தேன். மண்ணோடு வந்திருக்கணும் என்று செங்கோட்டையிலிருந்து வந்த குரல் காதில் இருந்தது. அதைச் சொன்னால் தம்பி மாமனார் வீட்டின்மேல் பாய்வான். பிறகு பொக்லைன் எதற்கு, அந்த ஒரு சொல்லே வேரோடு பிடுங்கிவிடும்.

“ஒங்கப்பா தோட்டத்துலயும் கொஞ்சம் மண்ணு எடுத்துக்கிடுதேன்,” என்று மட்டும் சொன்னேன்.

அது அடுத்த வயல். அவள் அப்பா கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் கால் கணுக்கால்வரை சருகில் இறங்கியது. களை முழங்கால் உயரம். முறிந்த கிளை முறிந்த இடத்திலேயே மக்கிக்கொண்டிருந்தது. ஆனால் மரங்கள் கரும்பச்சையாக, வயதான மல்லர்களைப்போல அகன்று நின்றன. காய்கள் இலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

“எங்கப்பாவுக்குக் குனிஞ்சு ஒரு குச்சி எடுக்க மனசு வராது. உங்க தம்பி இங்கன வந்தா கண்ண மூடிக்கிட்டுல்லா நடப்பாவ.”

குனிந்து சருகை விலக்கினேன். மண் நகர்ந்தது. நிஜமாகவே நகர்ந்தது. மரவட்டை தன் அத்தனை கால்களையும் ஒரு அலையாக மடக்கிச் சுருண்டது. பூரான் ஒன்று செம்பழுப்புக் கோடாக ஓடிச் சருகுக்குள் மறைந்தது. எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பிராணிகள் வாலுக்கடியில் ஸ்பிரிங் வைத்ததுபோலத் துள்ளிக் காணாமல் போயின. எறும்பு, சிலந்தி, பெயர் தெரியாத வண்டுகள். ஊசிமுனை அளவில், எட்டுக் காலோடு பளபளத்த உண்ணிகள், ஆட்டு உண்ணியின் தூரத்து உறவுக்காரர்கள், ரத்தம் வேண்டாதவை, மண்ணிலேயே வாழ்கிறவை. மழைக்குப் பிறகு தரையில் சிவப்பு வெல்வெட்டுப் பொட்டாக நடக்குமே, அந்தப் பட்டுப்பூச்சிகூட இந்த எட்டுக்கால் கூட்டத்துப் பிள்ளைதான்.

இந்தக் கூட்டம் முழுக்க நம் புழுவுக்குச் சொந்தக்காரர்கள். காலே இல்லாத புழுவும் கால்களாலேயே ஆன மரவட்டையும் எப்படிச் சொந்தம் என்று கேட்பீர்கள். சட்டை கழற்றுவதால் சொந்தம். நூற்புழு வளர வளரத் தோலை உரிக்கும். நண்டு உரிக்கும், தேள் உரிக்கும், சிலந்தி உரிக்கும், வெட்டுக்கிளி உரிக்கும். குற்றாலத்தில் அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் நண்டின் வெற்றுக் கூட்டை எடுத்துச் செத்துப் போச்சு என்று பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். அது செத்திருக்காது, பெரிதாகியிருக்கும். பழசைக் கழற்றினால்தான் வளரலாம் என்று தீர்மானித்த ஒரு பெருங்குலம், ஒரு கிளையில் கால் முளைத்தது, ஒரு கிளையில் முளைக்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து புழுவைப் பார்த்தால் எனக்கு நண்டின் சித்தப்பா பிள்ளை போலத்தான் இருக்கிறது.

இரண்டு பை மண்ணோடு தென்காசிக்குத் திரும்பினேன். இரண்டு புனல் வைத்தேன். தம்பியின் தோட்டத்துத் துளியில் முன்பு பார்த்த அதே ஒரு வீட்டுப் பிள்ளைகள். பிறகு மாமனார் தோட்டத்துத் துளியில் கண்ணை வைத்தேன்.

அந்த எலுமிச்சைப் புழு அங்கேயும் இருந்தது. ஆனால் அங்கே அது தனியாக இல்லை. குட்டையாக ஒன்று, சாட்டைபோல நீண்டு ஒன்று, பாக்டீரியாவை மட்டும் உறிஞ்சிக்கொண்டு யார் வம்புக்கும் போகாத ஒன்று. அவற்றுக்கு நடுவே தடித்த உடம்போடு, வாய் என்கிற குகைக்குள் ஒரே ஒரு பெரிய பல்லை வைத்துக்கொண்டு ஒன்று. அது புழுவைத் தின்னும் புழு. கண்ணாடிபோல உள்ளே தெரிகிற உடம்புக்குள், விழுங்கிய இன்னொன்று மடங்கிக் கிடந்தது. மீதி மண்ணை வலைத்தட்டில் பரப்பி மேலே விளக்கை எரியவிட்டேன். சூட்டுக்குப் பயந்து கீழே கிண்ணத்தில் விழுந்த கூட்டத்தில், ஒரு உண்ணி தன் இரண்டு தாடைக்கும் நடுவில் ஒரு நூலைப் பிடித்திருந்தது. சேமியாவை உறிஞ்சுவதுபோல அந்த நூல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தம்பியின் மண்ணுக்கும் அதே விளக்கைப் போட்டேன். கிண்ணத்தில் ஓர் எறும்பு விழுந்தது. அதுவும் லேப் எறும்பாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை லேப் மதியத்தோடு மூடிவிடும். சாவி என்னிடம். தம்பியையும் அவன் மனைவியையும் வரச் சொன்னேன். சீசன் கூட்டத்தில் இடிபட்டு அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு பைக்கில் வந்தார்கள். ஒரே பைக்கில் வந்தாலும் அவர்களுக்கு நடுவில் ஒரு பை உட்கார்ந்திருந்தது.

தம்பி முதலில் பார்த்தான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இதுதான் எதிரியா,” என்றான். “ஊசியெல்லாம் வச்சிருக்கான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல டிரெயினிங்.”

“இப்ப இதப் பாரு. இது ஒன் மாமனார் தோட்டம்.”

பார்த்தான். “இங்கயும் இருக்கே. பெறவு எப்படி மரம் நல்லா நிக்கி?”

“நீ எந்திரி. அவ பாக்கட்டும்.”

அவள் உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். நான் உண்ணியைக் காட்டினேன், பல்லுள்ள புழுவைக் காட்டினேன், யார் யாரைத் தின்கிறார்கள், சருகுதான் அவர்களுக்கு வீடு, தம்பியின் மண்ணில் அவர்களே இல்லை என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“மைனி, அப்ப எங்கப்பா குடுத்த கூடையிலதான் இது வந்திருக்கு. இல்லியா?”

தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

“அப்படித்தான் இருக்கணும்,” என்றேன். “கன்னோடயும் வந்திருக்கலாம். ஆனா அதே புழு ஒங்கப்பா தோட்டத்துலயும் இருக்கே.”

அவள் திரும்பி உட்கார்ந்தாள். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“சீதனத்துல ஒன்னய மட்டும் அனுப்பியிருந்தா பத்தாதாக்கும் ஒங்கப்பாவுக்கு,” என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். நானும் தேடினேன். இல்லை. எதிரி யார் என்று தெரிந்துகொண்ட சிப்பாயின் நிம்மதிதான் இருந்தது.

“எங்கப்பா கூடவே போலீசையும் சேத்துத்தான் அனுப்பினாவ,” என்றாள் அவள். “நீங்கதான தெனமும் வாரியல எடுத்து அதப் பூராவும் பெருக்கித் தள்ளினிய.”

அவன் ஸ்லைடை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தான்.

எனக்குத் தெரிந்ததற்கு மேல் நான் சொல்லவில்லை. சருகும் அதில் குடியிருக்கிற கூட்டமும் மட்டுமே காரணமா, மண்ணின் வேறு குணமும் சேர்ந்ததா, மைக்ராஸ்கோப் அதைச் சொல்லாது. புழு முழுக்கப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான் என்று சிநேகிதி சொல்லியிருந்தாள். வேப்பம்பிண்ணாக்கு வைக்கலாம், ஊடே செண்டுமல்லி எனப்படும் கேந்திப்பூ போடலாம், அந்த வேர் இந்தப் புழுவுக்கு ஆகாது என்றும் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

“சருகுக்கு எங்க போவ? பெருக்கினதெல்லாம் எரிச்சாச்சே,” என்றான் தம்பி.

“அதே தோட்டத்துலதான் எடுக்கணும்,” என்றாள் அவள். “புழு இனிமே புதுசா வர ஒண்ணுமில்ல, வந்தாச்சு. வந்த வழியாவே மத்ததும் வரட்டும். கூடைய நானே தூக்குதேன்.”

திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. முழுக்கச் செத்துப்போயிருந்த ஓர வரிசையை மட்டும் பிடுங்கிவிட்டுத் திரும்பியது. அதன் ஓட்டுநர் இதுக்கா என்னைக் கூப்பிட்டிய என்று முனகினார் என்று தம்பி சொன்னான். சென்னைக்குப் போன் போட்டு இப்போதைக்கு வரவில்லை என்றும் சொல்லிவிட்டான். அன்றைக்கே அவள் தன் அப்பா தோட்டத்திலிருந்து கூடை கூடையாக மக்கின சருகை அள்ளி மரத்தடியில் கொட்டினாள். முதல் கூடையில் மட்டும் வெற்றிலையும் மஞ்சளும் வைத்திருந்தாளாம். “ராசின்னா ராசிதான் மைனி. அதுக்கும் கால் மொளச்சிருக்குன்னு நமக்கு இப்பத்தான தெரியும்.”

இந்தச் சாரலுக்கு மறுபடி போயிருந்தேன். எல்லா மரமும் தேறிவிட்டது என்று எழுத ஆசைதான். தேறவில்லை. சில மரங்கள் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் புதுத் துளிர் விட்டிருக்கின்றன, கசக்கினால் மூக்கில் ஏறுகிற இளம்பச்சை. ஊடே கேந்திப்பூ மஞ்சளும் ஆரஞ்சுமாக, நேர்கோட்டில். அதை மட்டும் அவனால் விட முடியவில்லை. ஒரு கிள்ளு வேரை எடுத்துத் தண்ணீரில் அலசினேன். மண் அங்கங்கே ஒட்டித்தான் இருந்தது. முன்பைவிடக் குறைவாக. அந்தத் தாய்ப்புழுவும் அங்கேதான் இருக்கிறாள், ஊசியும் பசை வீடுமாக. இருந்துவிட்டுப் போகட்டும். அவளைத் தேடி எட்டுக்காலும் ஒற்றைப்பல்லும் அந்தச் சருகுக்குள் அலைகின்றன.

நான் வேரைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது தம்பி ஒரு மரத்தடியில் நின்றான். அவன் காலுக்குப் பக்கத்தில் ஒரு பழுத்த இலை அப்போதுதான் விழுந்தது. அவன் குனியப் போனான். பாதியில் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். தூரத்தில் கூடையோடு வந்துகொண்டிருந்த அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

“கையக் கட்டிக்கிட்டே நில்லுங்க,” என்றாள். “அவுத்திய, மரத்தோட சேத்துக் கட்டிருவேன்.”

அவன் அசையாமல் நின்றான். இலையும் கிடந்தது.